வெயிலும் தலைக்கவசமும்



ஒரு கேள்வியோடு தொடங்கலாம். வெயில் கொளுத்துகிறது. மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். தலையில் ஹெல்மெட். உடம்பில் முழுக்கைச் சட்டை. காலில் பூட்ஸ். கையில் உறை. இவ்வளவும் வேண்டுமா? வெயில் காலம் முடியும்வரை இவற்றை விட்டுவிடலாமா?

ராபர்ட்சன்பேட்டையில் கோடை வந்தால் இந்தப் பேச்சும் வந்துவிடும். டீக்கடையில் பேசுகிறார்கள். வீட்டு வாசலிலும் பேசுகிறார்கள். அப்படி ஒரு வீட்டை மனதில் நினைத்துப் பாருங்கள்.

தாத்தாவும் பேரனும்

அது ஒரு லைன் வீடு. நேரம் மத்தியானம். சித்திரை மாத வெயில். தாத்தா வாசல் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பேரன் வண்டியை எடுக்கிறான். பங்காருப்பேட்டைக்குப் போய், அங்கிருந்து ரயிலில் பெங்களூருக்குப் போக வேண்டும். ஹெல்மெட் வண்டியின் கைப்பிடியில் தொங்குகிறது.

தாத்தா கேட்டார்: "ஏன்டா தம்பி, அதை வண்டிக்கு வாங்கினியா, உன் தலைக்கு வாங்கினியா?"

"வெந்து போகுது தாத்தா. உள்ளே அடுப்பு மாதிரி இருக்கு. போலீஸ் நிக்கிற இடத்துல போட்டுக்கறேன்."

"போலீஸ் நிக்கிற இடத்துலதான் விழுவேன்னு எழுதிக் கொடுத்திருக்கியா?"

பேரன் சிரித்துவிட்டான். ஆனாலும் விடவில்லை.

"நீங்க சொல்லிடுவீங்க தாத்தா. உங்களுக்கு வெயில் தெரியுமா? பூமிக்குள்ளே வேலை செஞ்சவர்தானே!"

"வெயில் தெரியாதுதான். ஆனா சூடு தெரியும்டா" என்றார் தாத்தா.

தாத்தா சொன்னது சரி. சூட்டைப் பற்றிக் கோலார் தங்கவயல்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

பூமிக்குள் இருந்த சூடு

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் எடுக்க வந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழ் நாட்டிலிருந்து வந்த ஏழை மக்கள். சுரங்கம் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிக்கொண்டே போனது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். தொட்டால் கை சுடும். அங்கே நின்றுதான் மனிதர்கள் வேலை செய்தார்கள்.

அந்தச் சூட்டில் தலைக்கவசம் சுகமாக இருந்திருக்குமா? இருந்திருக்காது. ஆனாலும் தலைக்கவசமும் பூட்ஸும் சுரங்க விதிகளில் கட்டாயம். மேலேயிருந்து ஒரு கல் விழுந்தால் போதும். அந்தக் கல், "இவனுக்கு ரொம்பப் புழுக்கம், பாவம்" என்று விலகிப் போகாது.

தாத்தா பேரனிடம் சொன்னார்: "சட்டையைக் கழற்றிப் போட்டு வேலை செஞ்சோம். தொப்பியைக் கழற்றல."

சூட்டுக்கு வேறு வழி தேடினார்கள். குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்ப இயந்திரங்கள் வைத்தார்கள். ஆபத்துக்குப் போட்ட காப்பை மட்டும் எடுக்கவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைக்கவசம் எல்லா ஆபத்தையும் தடுக்கவில்லை. ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்து எத்தனையோ பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. பெரிய பாறையைத் தலைக்கவசம் தடுக்காது. ஆனால் சின்னக் கல்லால் போக இருந்த உயிரைக் காக்கும். சாலையிலும் கணக்கு இதுதான்.

சுரங்கம் மூடியது, சாலை திறந்தது

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சங்கு நின்றது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியே கிளம்பினார்கள். இன்றும் மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம் நிலையங்களிலிருந்து தினமும் ஏராளமானோர் ரயிலில் பெங்களூர் போகிறார்கள். ரயிலைப் பிடிக்க வண்டி வேண்டும். கோலாருக்கும் பேத்தமங்கலத்துக்கும் போக வண்டி வேண்டும். வீட்டுக்கு ஒரு இரு சக்கர வண்டி வந்துவிட்டது.

முன்பு ஆபத்து பூமிக்குள் இருந்தது. இப்போது அது தார்ச் சாலையில் இருக்கிறது.

அரசாங்கத்தின் கணக்கைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நூறு பேரில் சுமார் 44 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்லர். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

50,029 பேர் என்றால் ஒரு பெரிய ஊரே காலி ஆனதற்குச் சமம். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டும். பல வீடுகளில் சம்பாதிக்கிற தலை ஒன்றுதான்.

தலைக்குள் என்ன நடக்கிறது?

மெதுவாகத்தான் போகிறேன் என்று பலரும் சொல்கிறார்கள். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் எவ்வளவு? அந்த வேகத்தில் சுவரில் மோதுவது, 20 அடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அதாவது இரண்டு மாடி உயரம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நான்கு மாடி உயரம். மாடியிலிருந்து தலைகீழாகக் குதிக்க யாராவது சம்மதிப்பார்களா?

மூளை மிகவும் மென்மையானது. மண்டை ஓட்டுக்குள் நீரில் மிதப்பது போல் இருக்கிறது. தலை சட்டென்று மோதி நின்றால், மூளை உள்ளே போய் ஓட்டில் இடிக்கும். வெளியே ரத்தம் வராமலே உள்ளே ரத்தம் கசியலாம்.

ஹெல்மெட்டில் மூன்று பகுதிகள் முக்கியம். ஒன்று, வெளியே உள்ள கெட்டியான ஓடு. இரண்டு, உள்ளே உள்ள தெர்மாக்கோல். மூன்று, தாடைக்குக் கீழே போடும் பட்டை. அடி விழும்போது தெர்மாக்கோல் நசுங்குகிறது. அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. தேங்காயை வைக்கோலில் பொதிந்து போட்டால் உடையாது அல்லவா? அதுபோலத்தான். தெர்மாக்கோல் இல்லாத வெறும் கிண்ணத் தொப்பி இந்த வேலையைச் செய்யாது.

இதை உலகம் கண்டுகொண்ட விதமும் ஒரு கதை. 1935ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் டி. ஈ. லாரன்ஸ் என்ற புகழ் பெற்ற மனிதர் மோட்டார் சைக்கிளில் போனார். சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். கீழே விழுந்தார். தலையில் அடி. ஆறு நாளில் இறந்துவிட்டார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். மூளை அறுவை மருத்துவர். அந்தச் சாவு அவர் மனதை வாட்டியது. மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தார். தலைக்கவசம் உயிரைக் காக்கிறது என்று 1941இல் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது.

நல்ல ஹெல்மெட் போட்டால் இறக்கும் ஆபத்து சுமார் 40 விழுக்காடு குறைகிறது. தலையில் கடும் காயம் படும் ஆபத்து சுமார் 70 விழுக்காடு குறைகிறது. இதைச் சொல்வது உலக சுகாதார நிறுவனம்.

குளிர் நாட்டுக்குச் சரி, சூடான நாட்டுக்கு?

இது நியாயமான கேள்வி. இங்கிலாந்து குளிர் நாடு. அங்கே ஹெல்மெட்டும் தோல் கோட்டும் சுகம். இங்கே?

வியட்நாம் நாட்டைப் பாருங்கள். அங்கே வெயிலும் உண்டு, புழுக்கமும் உண்டு. மக்களில் பெரும்பாலோர் போவது இரு சக்கர வண்டியில்தான். 2007 டிசம்பர் 15 முதல் அங்கே எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் கட்டாயம் ஆனது. முன்பு போட்டவர்கள் குறைவு. பிறகு பெரிய நகரங்களில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் போட்டார்கள். சாவும் காயமும் குறைந்தன. சூட்டுக்கு ஏற்ற லேசான ஹெல்மெட்டுகளும் அங்கே செய்யப்பட்டன. தங்கவயல்காரர்கள் செய்ததையே அவர்களும் செய்தார்கள். காப்பை விடவில்லை. சூட்டுக்கு வழி தேடினார்கள்.

திறந்த உடம்பு குளிருமா?

அரைக்கைச் சட்டை போட்டால் காற்று படும், உடம்பு குளிரும் என்று நினைக்கிறோம். காற்று லேசாகச் சூடாக இருக்கும்வரை இது சரி. உடம்பின் சூடு 37 டிகிரி. தோலின் சூடு அதைவிடச் சற்றுக் குறைவு. காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால், அது உடம்பைக் குளிர வைக்காது. அனல்தான் அடிக்கும். அப்போது உடம்பைக் குளிர வைப்பது வியர்வை ஒன்றுதான்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் மெல்ல மெல்லக் காய்கிறது. அதனால் உள்ளே குளிர்கிறது. பருத்தித் துணியும் அப்படித்தான். வியர்வையை வாங்கி மெல்லக் காய வைக்கிறது. திறந்த தோலில் வெயிலும் அனல் காற்றும் நேராகப் படுகின்றன. வியர்வை சட்டென்று காய்ந்து உடம்பில் நீர் வற்றுகிறது. பாலைவன மக்கள் தலை முதல் கால் வரை தொளதொளவென்று துணி போர்த்துவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. மத்தியான வெயிலில் தார்ச் சாலை கொதிக்கும். வெறும் முழங்கையோடு அதில் விழுந்து தேய்ந்தால் சிராய்ப்பும் ஆகும், சூட்டுக் காயமும் ஆகும்.

எதைப் போடலாம், எதை விடலாம்?

முழுக் கவச உடை எல்லோருக்கும் எட்டாது. விலை ஆயிரக்கணக்கில். மத்தியானக் கடைத் தெருவில் கெட்டித் தோல் கோட்டு போட்டு நின்றால் மயக்கமே வரும். அதனால் வரிசை போட்டுக்கொள்வது நல்லது.

முதல் இடம் ஹெல்மெட்டுக்கு. இதை எந்த வெயிலிலும் விடக் கூடாது. காய்கறி வாங்கப் போனாலும் போட வேண்டும். விபத்து தூரம் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது, கால். செருப்பு வேண்டாம். விரலையும் கணுக்காலையும் மூடும் ஷூ போதும்.

மூன்றாவது, உடம்பு. கெட்டியான முழுக்கால் பேண்ட், முழுக்கைச் சட்டை. சாதாரணச் சட்டை பெரிய விபத்தில் கிழிந்துவிடும். ஆனாலும் வெறும் தோலைவிட மேல்.

நான்காவது, கை. விழும்போது எல்லோரும் முதலில் கையைத்தான் ஊன்றுகிறார்கள். கைக்கு அடிபட்டால் கூலி வேலைக்காரருக்குச் சம்பளம் போயிற்று. கையுறை போடுவது நல்லது.

நெடுந்தூரம் போகிறவர்களுக்கு வலைத் துணியில் செய்த ஜாக்கெட் கிடைக்கிறது. தோளிலும் முழங்கையிலும் கெட்டிப் பட்டை இருக்கும். காற்று உள்ளே புகும். வசதி உள்ளவர்கள் வாங்கலாம்.

ஹெல்மெட்டின் சூட்டைக் குறைக்கவும் வழி உண்டு.

வெள்ளை நிறமோ வெளிர் நிறமோ பார்த்து வாங்குங்கள். கறுப்பு வெயிலை இழுக்கும்.

காற்றுத் துளைகள் உள்ளதா என்று பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும்.

உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டுங்கள். தினமும் துவையுங்கள். நாற்றமும் அரிப்பும் போகும். தடித்த துண்டு கட்டினால் ஹெல்மெட் தளர்ந்துவிடும்.

கழுத்தில் ஈரத் துணி சுற்றுங்கள். நுனி தொங்காமல் சட்டைக்குள் செருகிவிடுங்கள்.

ஹெல்மெட்டை வெயிலில் வைக்காதீர்கள். பெட்ரோல் பட விடாதீர்கள். தெர்மாக்கோல் கெட்டுவிடும்.

பட்டையை மாட்டாத ஹெல்மெட், தலையில் வைத்த கூடைதான். விழும் முன்பே அது பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். நசுங்கிய தெர்மாக்கோல் மறுமுறை காக்காது.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

பின்னால் உட்காருகிறவர்களுக்கு எதற்கு ஹெல்மெட் என்று கேட்கிறார்கள். வண்டி சாய்ந்தால் இரண்டு பேரும்தான் விழுகிறார்கள். மேலே சொன்ன 14,337 பேரை நினைத்துப் பாருங்கள். கொண்டையைச் சற்றுக் கீழே இறக்கிப் போட்டால் ஹெல்மெட் பொருந்தும். பூவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கிய துணியால் போன உயிர்கள் உண்டு.

பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவில் ஹெல்மெட் வேண்டும். அப்பாவின் ஹெல்மெட் குழந்தைக்குப் பயன்படாது. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும் என்று 2022இல் விதி வந்தது. அப்போது வேகம் 40ஐத் தாண்டக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. கர்நாடகத்தில் 2016 ஜனவரியில் பின்னால் உட்காருகிறவருக்கும் மாநிலம் முழுவதும் கட்டாயம் என்று அரசு அறிவித்தது. 2019இல் சட்டம் திருத்தப்பட்டு அபராதம் 1,000 ரூபாய் ஆனது. கர்நாடக அரசு அதை 500 ரூபாயாகக் குறைத்தது. வெயில் காலத்துக்கு விலக்கு என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

ஜாக்கெட்டையும் கையுறையையும் சட்டம் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியது அவரவர் அறிவு.

வெயிலையும் அலட்சியம் செய்யாதீர்கள்

வெயிலும் ஆளைக் கொல்லும். இதை மறக்கக் கூடாது. முடிந்தால் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை நெடுந்தூரம் போகாதீர்கள். கிளம்பும் முன் தண்ணீர் குடியுங்கள். நீர்மோர், இளநீர், ராகிக் கூழ் எல்லாம் நல்லது. சாராயமும் பீரும் குளிர்ச்சி அல்ல. அவை உடம்பின் நீரை வற்ற வைக்கும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தசைப் பிடிப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். மர நிழலுக்குப் போங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டிய இடம் அதுதான். ஓடும் வண்டி அல்ல. தண்ணீர் குடித்து, முகமும் கழுத்தும் நனைத்து, தெளிந்த பிறகு கிளம்புங்கள். ஒருவர் உளறினாலும் மயங்கினாலும் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள்.

விபத்தில் விழுந்தவரின் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். மூச்சு விட முடியாவிட்டால் மட்டும், ஒருவர் கழுத்தை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். உதவி செய்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்பட வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உதவுகிறவரை 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் காக்கிறது.

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வண்டியில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைகள் நாள் முழுவதும் வெயிலில் ஓடுகிறார்கள். அவர்களுக்கு நல்ல ஹெல்மெட், குடிக்கத் தண்ணீர், ஐந்து நிமிடம் நிழல் வேண்டும். சுரங்கத்துக்குள் குளிர்ந்த காற்றை அனுப்ப முடிந்தது. சாலையில் ஒரு குடம் தண்ணீர் வைக்க முடியாதா?

மறுபடி அந்த வாசலுக்கு

தாத்தா பேசி முடித்தார். பேரன் கைப்பிடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தான். பாட்டி உள்ளேயிருந்து ஒரு பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள்.

"இதைக் கழுத்துல சுத்திக்கோ சாமி" என்றாள்.

பேரன் துணியைச் சுற்றிச் சட்டைக்குள் செருகினான். ஹெல்மெட்டைப் போட்டான். கிளம்பப் பார்த்தான்.

"பட்டை?" என்றார் தாத்தா.

பேரன் பட்டையை மாட்டினான். 'டக்' என்று சத்தம் கேட்டது. தாத்தா தலையை ஆட்டினார்.

நண்பர்களே, வியர்வை நனைத்த சட்டையை மாலையில் துவைத்துக் கொடியில் போடலாம். காலையில் காய்ந்துவிடும். உடைந்த தலைக்கு அப்படி ஒரு வழி இல்லை. இன்று வீட்டுக்குப் போனதும் ஹெல்மெட்டை எடுத்துப் பாருங்கள். பட்டை சரியாக இருக்கிறதா, தெர்மாக்கோல் நசுங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைக்கு இந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள். எழுத்தைக் கற்றுக்கொண்டதன் பயன்களில் அதுவும் ஒன்று.